இருக்கையாகும் பெட்டிகள்: வீட்டில் கட்டும் சிறு படகுகளைப் பற்றி ஓர் ஆய்வு

வார இறுதிகளில் வீட்டுக் கொட்டகையில் படகு கட்டுவது அமெரிக்காவில் வேரூன்றிய பொழுதுபோக்கு. அதைத் தச்சு தெரியாதவர்களிடமும் கொண்டுசேர்த்ததில் இருவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஒருவர் மசாசூசெட்ஸ் மாநிலம் குளோஸ்டரைச் சேர்ந்த படகு வடிவமைப்பாளர் ஃபிலிப் போல்ஜர். மற்றவர் மெய்ன் மாநிலத்தில் படகு கட்டிவந்த ஹெரால்ட் பேய்சன். பேய்சனின் ‘இன்ஸ்டன்ட் போட்ஸ்’ நூல் 1979இல் வெளிவந்தது. பிளைவுட்மேல் நேராகக் கோடு போட்டு அறுத்து, துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்தால் படகு உருவாகிவிடும் என்பதே அதன் சாரம். 2003இல் தொடங்கிய ‘பட்டில் டக் ரேசர்’ என்ற பாய்மரப் படகு இந்த எளிமையைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனது. எட்டடி நீளம், நாலடி அகலம். பார்ப்பதற்கே ஒரு பெட்டி. அடிப்பகுதியின் பத்து அங்குலம் மட்டும் எல்லாப் படகிலும் ஒன்றுபோல் இருக்கவேண்டும், அதற்குமேல் கட்டுபவர் விருப்பம்.

படகின் உடல் இவ்வளவு எளிதாகிவிட்டபின் மிஞ்சுவது உட்காரும் இடம். மரபுப்படி குறுக்குப் பலகை வைப்பதென்றால் பக்கச் சுவரின் சாய்வுக்கேற்ப இரு முனைகளையும் இழைக்கவேண்டும், தாங்குகட்டை கொடுக்கவேண்டும், மூலைகளில் முட்டுக் கொடுக்கவேண்டும். வேலையும் அதிகம், வைத்தபின் நகர்த்தவும் முடியாது. எனவே பலரும் வீட்டில் கிடக்கும் ஒன்றை எடுத்து உள்ளே வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிடுகிறார்கள்: மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி, பால் கிரேட், ஐஸ் பெட்டி, துணி அடுக்கும் பெட்டி, ராணுவத்தார் கழித்துவிட்ட தோட்டாப் பெட்டி. இதைச் சிக்கன உத்தி என்ற அளவிலேயே பெரும்பாலும் பேசுகிறோம். ஆனால் படகுக்குள் வந்த பெட்டி மூன்று விஷயங்களைத் தீர்மானித்துவிடுகிறது. ஆள் எவ்வளவு உயரத்தில் இருப்பார், படகில் நீர் நிறைந்தால் என்ன மிதக்கும், படகு சாயும்போது எது நகரும் என்பவை அவை. இவற்றுக்குப் பெட்டியை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. படகின் அகலத்தையும் பயன்பாட்டையும் பார்த்தே சொல்லவேண்டும்.

பழைய பழக்கம், புதிய வடிவம்

பெட்டிமேல் அமர்ந்து துடுப்பு வலிப்பது புதிதன்று. நார்வேயில் 1880இல் அகழ்ந்தெடுத்த கோக்ஸ்டாட் கப்பலில் பதினாறு இணைத் துடுப்புகளுக்கும், 1904–05இல் வெளிவந்த ஓசபெர்க் கப்பலில் பதினைந்து இணைத் துடுப்புகளுக்கும் துளைகள் உண்டு. இரண்டிலும் துடுப்பாளர் அமர நிலையான பலகைகள் கிடைக்கவில்லை. வைக்கிங் மாலுமிகள் தத்தம் உடைமைப் பெட்டிகள்மேல் அமர்ந்து வலித்திருக்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் பரவலாகக் கருதுகிறார்கள். ஓசபெர்க் புதைகுழியில் கிடைத்த பெட்டியின் அடி மேற்புறத்தைவிட அகலமானது. ஆடும் தளத்தில் நிற்கவேண்டிய பெட்டிக்கு அது பொருத்தமான வடிவம்.

இன்று கடையில் வாங்கும் வாளியும் துணிப்பெட்டியும் இதற்கு நேர்மாறு. காலியாக இருக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று செருகி லாரியில் ஏற்ற வசதியாக, அடி ஒடுங்கி வாய் அகன்று வார்க்கப்படுகின்றன. சரக்குப் போக்குவரத்துக்கு நல்ல இந்த வடிவம் படகுக்கு ஆகாது. அமெரிக்காவில் எங்கும் கிடைக்கும் ஐந்து கேலன் வாளியை எடுத்துக்கொள்வோம். நம்மூர் 20 லிட்டர் பெயிண்ட் வாளிக்கு ஏறத்தாழ அதே அளவு. கொள்ளளவு 19 லிட்டர், உயரம் சுமார் 37 செ.மீ., அடி விட்டம் சுமார் 26 செ.மீ. அமர்ந்திருப்பவரின் ஈர்ப்பு மையம் இருக்கைக்கு மேல் சுமார் 24 செ.மீ. இருக்கும். கால் ஊன்றாமல் இருந்தால், தளம் 12 பாகை சாயும்போதே வாளி ஆளோடு சேர்ந்து கவிழும் நிலைக்கு வந்துவிடும். 28 செ.மீ. உயரமும் 33 செ.மீ. பக்கமும் உள்ள பால் கிரேட் 17 பாகைவரை தாங்கும். சிறு படகில் ஒருவர் ஓரத்துக்கு நகர்ந்தாலே 12 பாகைச் சாய்வு வந்துவிடலாம்.

தொழில்முறைப் படகோட்டிகளும் பெட்டி இருக்கையைக் கைவிடவில்லை. கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யனில் ரப்பர் மிதவைகளை ஓட்டுபவர்கள், அலுமினியச் சட்டத்துக்குள் ஐஸ் பெட்டியையோ நீர்புகா அலுமினியப் பெட்டியையோ இறுக்கிக் கட்டி அதன்மேல் அமர்ந்தே துடுப்பு வலிக்கிறார்கள். அதே ஆற்றில் 1960களில் மரத்தாலான டோரி படகுகளை இறக்கிய மார்ட்டின் லிட்டனின் வழி இன்னும் ஒரு படி மேல். அந்தப் படகுகளில் மூடிய அறைகளின் மேல்மூடிகளே இருக்கைகள். உள்ளே சரக்கு பத்திரமாக இருக்கும். அலை அடித்து நீர் நிறைந்தாலும் அறைகளுக்குள் அடைபட்ட காற்று படகைத் தூக்கிப் பிடிக்கும். பெட்டியும் இருக்கையும் மிதவையும் ஒரே அமைப்பில் அடங்கிய நல்ல எடுத்துக்காட்டு இது.

உயரம்: முதல் கேள்வி

ஒவ்வொரு படகுக்கும் ஓர் உயர எல்லை உண்டு. ஆளும் படகும் சேர்ந்த ஈர்ப்பு மையம் அதைத் தாண்டினால் படகு நேராக நிற்க மறுக்கும். அந்த எல்லையை முக்கியமாகத் தீர்மானிப்பது நீர்மட்டத்தில் உள்ள அகலம், அதுவும் அகலத்தின் மும்மடி. மற்றவை மாறாமல் அகலம் மட்டும் இரட்டித்தால் சாய்வை எதிர்க்கும் அந்தக் கூறு எட்டு மடங்காகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆள் 80 கிலோ, படகு 40 கிலோ. நாலரை மீட்டர் நீளமும் நீர்மட்டத்தில் 60 செ.மீ. அகலமும் கொண்ட, இரு முனையும் கூரான கனூ அது என்று வைத்துக்கொள்வோம். அதன் உயர எல்லை தோராயமாக 43 செ.மீ. தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் அமர்ந்தால் மொத்த ஈர்ப்பு மையம் 28 செ.மீ.யில் இருக்கும், 15 செ.மீ. கைவசம் மிச்சம். பால் கிரேட் மேல் ஏறி உட்கார்ந்தால் மையம் 40 செ.மீ.க்கு ஏறும், மிச்சம் மூன்றே செ.மீ. வாளிமேல் உட்கார்ந்தால் எல்லையையே தாண்டிவிடும். அப்போது ஆள் தன் உடலை ஆட்டி ஆட்டிச் சமன் செய்தால் மட்டுமே படகு நிற்கும். அதே ஆளும் அதே வாளியும் 120 செ.மீ. அகலமுள்ள தட்டையடிப் படகில் இருந்தால் எல்லை இரண்டு மீட்டரைத் தாண்டுகிறது. அங்கே வாளியின் உயரம் ஒரு பொருட்டே அல்ல.

வாளி இருக்கை நல்லதா கெட்டதா என்று இரு தரப்பினர் வாதாடுவது பெரும்பாலும் வெவ்வேறு அகலமுள்ள படகுகளை மனத்தில் வைத்துக்கொண்டுதான். ஜான் போட் எனப்படும் அகன்ற தட்டையடிப் படகில் வாளிமேல் அமர்ந்து தூண்டில் போடுபவர் சொல்வதும் சரி. கனூவில் அதையே செய்து தண்ணீரில் விழுந்தவர் சொல்வதும் சரி. ஒகேனக்கல் பரிசலில் பயணிகளைத் தரையோடு தரையாக உட்காரவைப்பதும், கொந்தளிப்பான நீரில் கனூ ஓட்டுபவர்கள் முழங்காலிடுவதும் உயரத்தைக் குறைக்கும் வழிகளே.

தட்டையடிப் படகிலும் ஓர் எச்சரிக்கை தேவை. அது முதலில் அசையாமல் உறுதியாக நிற்கும். ஒரு விளிம்பு நீரைத் தொட்டதும் அந்த உறுதி சடசடவெனச் சரியும். உயரத்தில் அமர்ந்தவர் மீனை இழுக்க ஓரமாகச் சாயும்போது அந்தத் திருப்பம் முன்னறிவிப்பில்லாமல் வரும்.

உயரம் துடுப்பு வலிக்கும் வசதியையும் பாதிக்கும். சிறு படகில் துடுப்பு மாட்டும் கொக்கி இருக்கைக்கு மேல் ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் இருந்தால் கை இயல்பாக இழுக்கும். பக்கச்சுவர் தாழ்ந்த படகில் 37 செ.மீ. வாளிமேல் அமர்ந்தால் துடுப்பின் பிடி தொடையில் இடிக்கும். அங்கே பால் கிரேட்டோ, அதைவிடத் தாழ்ந்த தோட்டாப் பெட்டியோ உதவும். நகர்த்த முடிகிற பெட்டிக்கு ஒரு தனி நன்மை உண்டு. தனியாகப் போகும்போது நடுவில் அமரலாம். பின்னால் ஒருவர் ஏறினால் பெட்டியைச் சற்று முன்னே தள்ளிப் படகின் மூக்கு மேலே தூக்காமல் பார்த்துக்கொள்ளலாம். ஆணியடித்த குறுக்குப் பலகையால் இது ஆகாது.

மிதப்பு: ஒரே காற்றை இருமுறை எண்ணக்கூடாது

காலி வாளியை இறுக மூடினால் ஏறக்குறைய 18 கிலோ மிதப்பு விசை கிடைக்கும். அமெரிக்காவில் பெரியவர்களுக்கான சாதாரண உயிர்காப்பு அங்கிக்குக் குறைந்தபட்சம் ஏழு கிலோ போதும். ஆகவே இரண்டு வாளி இருக்கைகள் படகுக்குக் கணிசமான மிதவையே. ஆனால் அந்த வாளிக்குள் பத்து கிலோ கருவிகளைப் போட்டால் மிச்சம் எட்டு கிலோ. குடிநீர்க் குப்பிகளால் நிரப்பினால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சாமான் வைக்கவும் வேண்டும், மிதக்கவும் வேண்டும் என்று ஒரே பெட்டியை இரண்டு கணக்கிலும் எழுதிவைப்பது இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை.

மிதவை எங்கே இருக்கிறது என்பதும் அதன் அளவுக்குச் சமமான கேள்வி. நடுவில், தரையோடு ஒட்டிய மிதவை மூழ்கிய படகைத் தூக்கிப் பிடிக்கும், ஆனால் உருளவிடும். அதே அளவை இரு பக்கங்களிலும் விளிம்புக்கு அருகே பிரித்து வைத்தால் நீர் நிறைந்த படகும் மட்டமாக நிற்கும்; ஆட்கள் உள்ளேயே உட்கார்ந்து நீரை இறைக்கலாம். இருபது அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளைத் தயாரித்து விற்போருக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை வகுத்த விதிகளில், இரண்டு குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வெளிப்புற மோட்டார் பொருத்தும் படகு நீர் நிறைந்தாலும் மட்டமாக மிதக்கவேண்டும் என்று இருப்பது இதனால்தான். பட்டில் டக் கட்டுபவர்களில் பலர் இரு பக்கமும் நீளவாக்கில் காற்றறைகளை அமைத்து அவற்றின்மேல் அமர்வதும் இந்தத் தேவையை இயல்பாகவே நிறைவேற்றிவிடுகிறது. நடுவில் வாளி வைப்பவர் இருக்கைச் சிக்கலை மட்டும் தீர்த்திருக்கிறார். மிதவைக்கு வேறு ஏற்பாடு செய்யவேண்டும்.

காற்று அடைத்த பெட்டிக்கு இன்னொரு எதிரி வெப்பமாற்றம். வெயிலில் 50 பாகை செல்சியஸ்வரை சூடான மூடிய வாளி 15 பாகை நீரில் விழுந்தால், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் பதினொரு சதவீதம்வரை குறைய முற்படும். முப்பது செ.மீ. மூடியின்மேல் அது 75 கிலோவுக்கும் மேற்பட்ட எடை அழுத்துவதற்குச் சமம். சுவர்கள் உள்வாங்கி அதில் ஒரு பகுதியைக் குறைத்துவிடும் என்றாலும், தரமற்ற மூடியின் இடுக்கு வழியாக நீரை உறிஞ்ச மிச்சமுள்ளதே போதும். ரப்பர் வளையம் வைத்துத் திருகி மூடும் மூடிகளுக்கு உள்ள மதிப்பு இதில்தான். அதைவிடப் பாதுகாப்பான வழியும் உண்டு. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்களை நன்றாக மூடி, வாளிக்குள்ளோ பெட்டிக்குள்ளோ நெருக்கமாக அடுக்கிவிடுவது. வெளிப்பெட்டி விரிசல் விட்டாலும் பாட்டில்களின் காற்று போகாது. ஊற்றினால் நுரைத்துப் பெருகும் பாலியூரிதேன் ஃபோமையும் சிலர் நிரப்புகிறார்கள். முதலில் நன்றாக வேலை செய்யும். ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் நீரை ஏற்று எடை கூடும். எனவே அதைக் கழற்றிப் பார்க்கும்படி வைப்பது நல்லது.

ஐஸ் பெட்டிக்கு இங்கே ஓர் அனுகூலம். அதன் சுவருக்குள்ளேயே ஃபோம் இருப்பதால் மூடி திறந்துகொண்டாலும் முழுவதுமாக மூழ்காது.

எந்தப் பெட்டி எதைத் தாங்கும்

பொருளின் குணம் தெரியாமல் பெட்டி தேர்ந்தெடுக்கக்கூடாது. வாளியின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருந்தால் அது அடர் பாலிஎத்திலீன். குளிரிலும் நெகிழ்ந்து கொடுக்கும், நீரைவிட இலேசு. 5 என்றால் பாலிபுரோப்பிலீன். உறைநிலையை நெருங்கும் குளிரில் அதன் சாதாரண வகை நொறுங்கத் தொடங்கும். உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிபோன்ற பெட்டிகள் அலமாரிக்கு அழகு, ஆள் அமர உதவா. எந்தப் பிளாஸ்டிக்கும் வருடக்கணக்கில் வெயிலில் நின்றால் மேற்பரப்பு சுண்ணாம்புபோல் உதிர்ந்து வெடிக்கும். கரி கலந்த கருப்பு வகை கூடுதல் காலம் தாங்கும்.

நிரப்பிய வாளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்காகவே அவற்றின் சுவர் வார்க்கப்படுகிறது. ஆகவே எடை விளிம்பில் விழுந்தால் வாளி தாராளமாகத் தாங்கும். ஆள் அமரும்போது எடை மூடியின் நடுவில் விழுந்து மூடி குழிகிறது, ரப்பர் வளையம் நெகிழ்கிறது, நீர் புகுகிறது. விளிம்பளவுக்கு 12 மி.மீ. பிளைவுட் வட்டம் ஒன்றை அறுத்து மேலே வைத்தால் எடை சுவருக்கு இறங்கிவிடும். துணிப்பெட்டியின் சிக்கல் வேறு. அதன் சுவர் மெல்லியது, வெளிப்பக்கம் சாய்ந்தது. எடை ஏறினால் சுவர்கள் பக்கவாட்டில் பிதுங்கும். அதை இருக்கையாக்கியே தீரவேண்டுமென்றால் கவிழ்த்து வைப்பது மேல். அகன்ற வாய் தரையில் அமர்ந்து உறுதி கூடும். ஆனால் சாமான் வைக்கும் வசதி போய்விடும்.

ஐஸ் பெட்டியின்மேல் ஏறி நிற்பதால் வந்த சிக்கல் ஒரு தொழிலையே உருவாக்கியது. டெக்சாஸின் ஆஸ்டினில் ராய் சீடர்ஸ், ரையன் சீடர்ஸ் சகோதரர்கள் 2006இல் யெட்டி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மீன்பிடிக்கும்போது மேடையாக நின்ற சாதாரண ஐஸ் பெட்டிகளின் மூடி உள்வாங்கி உடைந்ததே தங்களைத் தூண்டியது என்று அவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். ஆளைத் தாங்கும் தடித்த பெட்டிகள் அதன்பின் சந்தையில் தனி வகையாகவே வளர்ந்தன. எடை மட்டும் கூடுதல். நிரப்பியபின் நகர்த்துவதற்கு இரண்டு ஆள் வேண்டும்.

பால் கிரேட் காற்றோட்டமானது, நீர் தேங்காது, தூண்டில் கம்புகளைச் செருகக் குழாய் பொருத்தலாம். மிதவையாக மட்டும் எண்ணக்கூடாது. அது வெறும் சல்லடை. இன்னொன்றும் உண்டு. அந்தக் கிரேட்டுகள் பால் நிறுவனங்களின் சொத்து; அனுமதியின்றி எடுத்துப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் பல அமெரிக்க மாநிலங்களில் இருக்கிறது. கடையில் விற்கும் அதே வடிவக் கூடையை வாங்குவதே முறை. ரசாயனமோ பூச்சிக்கொல்லியோ இருந்த டிரம்மைக் கழுவி உணவுப்பெட்டியாகவும் இருக்கையாகவும் ஆக்குவது எந்தச் சிக்கனத்துக்கும் ஈடாகாது.

கட்டுதலும் அவிழ்த்தலும்

பாலிஎத்திலீன்மேல் எபாக்ஸி ஒட்டாது. ஒட்டியதுபோல் காய்ந்துவிட்டு முதல் உதையில் தகடுபோல் உரிந்து வரும். வாளிக்குள் போல்ட் அடித்தால் நீர்புகாத் தன்மை போகும். ஆகவே தரையில் சிறு மரச்சட்டங்களை ஒட்டி அவற்றுக்கிடையே பெட்டியின் அடி அசையாமல் உட்காரும்படி செய்து, மேலே நைலான் பட்டையால் இறுக்குவதே நடைமுறையில் நிலைத்திருக்கும் வழி. பட்டை ஒரே இழுப்பில் அவிழவேண்டும். கவிழ்ந்த படகுக்குள் பட்டையில் கால் சிக்கினால் இருக்கையே ஆளைப் பிடித்து வைத்துவிடும்.

துடுப்புப் படகில் கட்டாத வாளி சறுக்கினால் ஆள் மல்லாந்து விழுவார். மோட்டார் படகில் விளைவு கடுமையானது. கைப்பிடியைப் பிடித்து ஓட்டுபவர் அமர்ந்திருக்கும் பெட்டி ஒரு திருப்பத்தில் நகர்ந்தால் அவர் வெளியே வீசப்படலாம். ஆளில்லாத படகு சுழன்று அவர்மேலேயே வரலாம். 26 அடிக்குக் குறைந்த, மூன்று குதிரைத்திறனோ மேலோ உள்ள படகுகளில், ஓட்டுபவர் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றை மாட்டிக்கொள்ளவேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கக் கூட்டாட்சி விதி சொல்கிறது. கட்டாத பெட்டிமேல் அமர்ந்து மோட்டார் ஓட்டுபவருக்கு அந்தக் கயிறு மிகவும் அவசியம்.

மூடிய இருக்கைப் பெட்டிக்குள் பெட்ரோல் கேனை வைப்பதையும் தவிர்க்கவேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பெட்டியின் அடியில் தங்கும், ஒரு பொறி போதும். கேனுக்கு இடம் திறந்தவெளி.

எத்தனை இருக்கை, எத்தனை ஆள்

பழைய குறுக்குப் பலகை, கட்டியவர் நினைத்தாரோ இல்லையோ, ஒரு வரம்பை விதித்தது. இரண்டு பலகை இருந்தால் இரண்டோ மூன்றோ பேர். வாளிக்கு அப்படி ஒரு வரம்பில்லை; வீட்டில் இன்னொரு வாளி இருந்தால் இன்னொரு பயணி ஏறிவிடுகிறார். அமெரிக்காவில் சிறு மோட்டார் படகுகளுக்குப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு கைக்கணக்கு இருக்கிறது: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுத்தால் ஏற்றக்கூடிய ஆட்கள். எட்டடிக்கு நாலடிப் படகில் இரண்டு பேர், பன்னிரண்டடிக்கு நாலடிப் படகில் மூன்று பேர். தோராயமானதுதான், இருந்தும் வாளிகளை எண்ணுவதைவிட நம்பகமானது.

சட்டமும் வீட்டுப் படகைத் தனியாகவே பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013/53 உல்லாசப் படகு நெறிமுறை, சொந்தப் பயன்பாட்டுக்குக் கட்டிய படகை விட்டுவிடுகிறது. இறக்கிய ஐந்தாண்டுக்குள் விற்றால் விலக்கு போய்விடும். தனக்குக் கட்டிக்கொள்பவர் தன் இடரைத் தானே அளக்கட்டும் என்பதே அதன் உட்பொருள். வாளியைக் கட்டாமல் வைத்த படகை இன்னொருவருக்கு விற்பவர் அந்த இடரையும் சேர்த்தே விற்கிறார்.

மதிப்பீடு

மேற்சொன்னவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், பெட்டிகளை நல்லவை கெட்டவை என்று தரவரிசைப்படுத்துவதில் பொருளில்லை என்பது தெரியும். படகு வகையை ஒட்டியே பரிந்துரை செய்ய முடியும். அகன்ற தட்டையடிப் படகில் மெதுவாகப் போய் மீன்பிடிப்பவருக்கு, பிளைவுட் வட்டம் வைத்து, தரைச்சட்டத்துக்குள் உட்கார்ந்து, பட்டையால் கட்டிய வாளி முழுத் தகுதியுள்ள இருக்கை. துடுப்பு வலிப்பவருக்குத் தாழ்ந்த கிரேட் ஏற்றது. ஒடுங்கிய கனூவில் இவை எதுவும் வேண்டாம். தரைமேல் ஒரு ஃபோம் திண்டு போதும். மோட்டார் படகில், கட்டிய ஐஸ் பெட்டியோ நிலையான இருக்கையோ தவிர வேறெதையும் ஏற்பதற்கில்லை.

எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல ஒரு சோதனை இருக்கிறது. கோடையில், இடுப்பளவு நீர் உள்ள குளத்தில், உயிர்காப்பு அங்கி அணிந்த இரண்டு மூன்று பேர் துணைக்கு நிற்க, படகில் வேண்டுமென்றே நீரை நிரப்பிப் பார்ப்பது. எது மிதக்கிறது, எது மிதந்து ஓடிவிடுகிறது, உள்ளே இருப்பவர் எழுந்து உட்கார முடிகிறதா, பட்டை ஒரு கையால் அவிழ்கிறதா என்பதெல்லாம் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். விலை கொடுத்து வாங்கிய இருக்கைக்குத் தயாரித்தவர் முன்பே சோதனை செய்திருப்பார். பெயிண்ட் வாளியைச் சோதித்தவர்கள் பெயிண்ட் கசியாதா என்று மட்டுமே பார்த்தார்கள். படகுக்கான சோதனையைச் செய்யும் பொறுப்பு அதை உள்ளே வைப்பவருடையது.